பிஎம்இ280ன்னு காசு வாங்கிட்டு பிஎம்பி280 அனுப்பிட்டாங்க! ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு சென்சார் வாங்கறவங்க படிங்க

பிஎம்இ280 வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம் மூணையும் அளக்கிற குட்டி சென்சார்; பிஎம்பி280 பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனா ஈரப்பதம் அளக்காது. 12 சென்சாருக்கான காசு போச்சு. நேற்று ராத்திரிதான் உறுதியாச்சு, ஆத்திரம் இன்னும் அடங்கல. வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில் விவரமா சொல்றேன், முதலில் நடந்ததைக் கேளுங்க.

நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். எங்க மாணவர்கள் ஆறு பேர் ப்ராஜெக்ட்டுக்குப் பள்ளி நூலகத்தை எடுத்துக்கிட்டாங்க. சில அலமாரியில் மட்டும் புத்தகம் பூஞ்சை பிடிக்குது, ஏன்னு கண்டுபிடிக்கணும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல நாள்கணக்கில் நின்னா பூஞ்சை வளரும். அதனால் அலமாரிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள்ள ஒரு ஆர்டுயினோ (ப்ரோகிராம் எழுதி ஓட்டற சின்ன போர்டு), ஒரு சென்சார். டிஎச்டி11ங்கிற சாதாரண ஈரப்பத சென்சாரே போதும்னு முதலில் நினைச்சோம். அதில் ஈரப்பதம் 5 சதவீதம் முன்னபின்ன காட்டும், 70ஐத் தாண்டிச்சா இல்லையான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னு பிள்ளைகளே டேட்டாஷீட்டை (அந்த சென்சாரோட விவரக்குறிப்பை) படிச்சுட்டு வந்து சொன்னாங்க. பிஎம்இ280 அப்படித்தான் முடிவாச்சு. ஆறு பேரும் அவங்க சேமிப்பிலிருந்து போட்ட காசு அது.

பல கடைக்காரங்க விற்கிற ஒரு ஆன்லைன் தளம். அதில் எலக்ட்ரானிக்ஸ் பாகம் விற்கிற ஒருத்தர். நான் ஒண்ணும் விசாரிக்காம வாங்கல. "இது ஈரப்பதம் அளக்குமா? பிஎம்பி இல்லையே?"ன்னு தெளிவா கேட்டேன். "சார், நானும் இதே படிப்பு படிச்சவன்தான். பசங்க ப்ராஜெக்ட்ன்னு சொல்றீங்க, ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணி நானே பேக் பண்றேன்"ன்னு பதில் வந்துச்சு. அந்த ஒரு வரியில்தான் விழுந்தேன். டெஸ்ட் பண்ணவே இல்லைன்னு இப்ப தெரியுது. வயர் மாட்டற உலோகப் பின் எல்லாம் போர்டில் சால்டர் பண்ணாம (ஈயம் உருக்கி ஒட்டாம) தனியா பையில் கிடந்துச்சே, அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

பிள்ளைகள் உட்கார்ந்து 12 போர்டுக்கும் பின் சால்டர் பண்ணினாங்க. ஒரு பொண்ணு விரலைச் சுட்டுக்கிட்டா, கட்டோட மறுபடி வந்து உட்கார்ந்தா. ப்ரோகிராமை ஓட்டினா, சென்சார் கிடைக்கல, வயரிங்கைப் பாருன்னு வருது. நாலு நாள்! வயரை மாத்தினாங்க, ப்ரோகிராம் சென்சாரைத் தேடற முகவரி எண்ணை 76லிருந்து 77க்கு மாத்தினாங்க, சால்டரை எடுத்துட்டு மறுபடி வச்சாங்க. தப்பு தங்க கையில்தான்னு நம்பினாங்க பாருங்க, அதைத்தான் என்னால் தாங்க முடியல.

விற்றவர்கிட்ட கேட்டா முதலில் "வயரிங் தப்பா இருக்கும் சார்". அடுத்த நாள் "பிஎம்பி280 லைப்ரரி போட்டுப் பாருங்க, ஓடும்" (லைப்ரரின்னா அந்த சென்சாரைப் படிக்கிறதுக்கான ரெடிமேட் ப்ரோகிராம்). ஓடுச்சு. வெப்பநிலை வந்துச்சு, காற்றழுத்தம் வந்துச்சு. ஈரப்பதம் வரவே இல்ல. வராது, ஏன்னா பிஎம்பி280க்குள்ள ஈரப்பதம் அளக்கிற பகுதியே கிடையாது. அவர் வாயாலேயே ஒத்துக்கிட்ட மாதிரிதானே இது?

சிப்போட அடையாள எண்ணைப் படிச்சோம். சிப்புக்குள்ள டி0ங்கிற ரெஜிஸ்டரில் (எண்ணைச் சேமிக்கிற இடத்தில்) அது இருக்கும், பிஎம்இன்னா ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) 60. எங்களுக்கு 58 வந்துச்சு. அது பிஎம்பி. பன்னிரண்டிலும் 58.

இதை ஸ்க்ரீன்ஷாட்டோட அனுப்பினா, "பின் சால்டர் பண்ணிட்டீங்க, யூஸ் பண்ண பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்"னு ஒரே வரி. சால்டர் பண்ணாம எப்படி ஓட்டிப் பார்க்கிறது? தளத்துக்குப் புகார் போட்டேன். திருப்பி அனுப்பற கெடு முடிஞ்சுதாம். அந்த நாலு நாளும் வயரிங்கைப் பார்க்கச் சொல்லி இழுத்தடிச்சது யாரு? ரெண்டாவது புகாரைப் பதில் சொல்லாமலே மூடிட்டாங்க. 12 சென்சாரில் ஒண்ணுக்குக்கூட காசு திரும்பல.

விவரமா எழுதத்தான் நினைச்சேன், இப்ப முடியல. அவசரமா சிலது மட்டும். முதலில் ஒண்ணே ஒண்ணு வாங்கி அடையாள எண்ணைப் படிங்க, 60 வந்தா மட்டும் மிச்சத்தை வாங்குங்க. போர்டில் அச்சடிச்ச பேரை நம்பாதீங்க, ரெண்டு சிப்புக்கும் ஒரே போர்டு, ரெண்டு பேருமே அதில் இருக்கும். லென்ஸ் வச்சு அந்தக் குட்டி உலோக மூடியைப் பாருங்க: பிஎம்இ சரியான சதுரம், பிஎம்பி கொஞ்சம் நீளவாட்டம். பார்சல் பிரிக்கிறதை வீடியோ எடுங்க.

திங்கட்கிழமை மதிப்பீடு. ஒரு ஆசிரியர் தன்கிட்ட இருந்த ஒரே ஒரு பிஎம்இ280 கொடுத்திருக்கார், 60 வருதான்னு படிச்சுப் பார்த்துட்டோம். ரொம்ப மோசமா பூஞ்சை பிடிச்ச அலமாரியில் அதை வச்சிருக்காங்க. மத்த 11 பெட்டியும் மேசையில் காலியா கிடக்கு.