பீசோ பட்டை ஒட்டிய 7 அயன்: பல காலம் ஆடிப் பார்த்தபின்

"இதை வைத்து ஆடினால் கை நோவு குறையுமா?" என்றுதான் பீசோ பட்டை ஒட்டிய என் கோல்ஃப் மட்டையை, இந்த 7 அயனை (இரும்புத் தலை மட்டைகளில் ஒன்று), பார்ப்பவர்கள் முதலில் கேட்கிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தில் பட்ட பிறகு ஷாஃப்ட்டில், அதாவது மட்டையின் தண்டில், ஓடிக்கொண்டிருக்கும் நடுக்கத்தை இது குறைக்கிறது. பட்ட கணத்தின் முதல் அடியை இது தொடுவதே இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பீசோவிடம் (வளைந்தால் மின்சாரம் தரும் பொருள்) எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

இது கடையில் வாங்கிய பொருள் அல்ல. அக்காவின் மகன் பொறியியல் படித்த காலத்தில் இறுதியாண்டு வேலைக்காகச் செய்தது. பரிசோதனைக்கு ஒரு மட்டை வேண்டுமென்று என் பழைய உருக்கு ஷாஃப்ட் 7 அயனைக் கேட்டான், கொடுத்தேன். படிப்பு முடிந்து அவன் வேலைக்குப் போய்விட்டான். மட்டை திருகோணமலைக்குத் திரும்பி வந்தது. அதிலிருந்து சீனன்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் கோல்ஃப் மைதானத்துக்கு நான் போகும்போதெல்லாம் அதுவும் பையில் வருகிறது. பட்டை இல்லாத 6 அயனும் 8 அயனும் அதே செட்டில் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பதும் சுலபம்.

கிரிப் எனும் கைப்பிடி உறை முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, ஷாஃப்ட்டின் முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இரண்டு பட்டைகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தின் அகலம், தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு. மேலே வெப்பத்தில் சுருங்கும் கறுப்பு பிளாஸ்டிக் உறை. உறைக்குள்ளே ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை. பற்றரி கிடையாது, சுவிட்ச் கிடையாது. முதலில் ரெசிஸ்டரோடு ஒரு சின்னச் சிவப்பு எல்இடி விளக்கும் இருந்தது, அடிக்கும்போது பளிச்சென்று மின்னும். அதைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம், என் அடியைப் பார்க்க வந்தவர்கள் குறைவு!

அடிப்படை பழைய சங்கதி. குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பக்கங்களில் மின்னேற்றம் தோன்றுவதை 1880இல் ஜாக், பியர் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரில் "டக்" என்று பொறி பறக்கிறதே, அதுவும் இதே அழுத்தமின் விளைவுதான். மட்டை அதிரும்போது ஷாஃப்ட் முன்னும் பின்னும் நுண்ணியதாக வளைகிறது. ஒட்டிய பட்டையும் சேர்ந்து நீண்டு சுருங்குகிறது, மின்னழுத்தம் உண்டாகிறது. அந்த மின்சாரத்தை ரெசிஸ்டர் வழியாக ஓடவிட்டால் அது சூடாக மாறித் தொலைந்துபோகும். அதிர்வின் ஆற்றலில் ஒரு பங்கு அப்படியே கழிந்துவிடுகிறது. இந்த முறைக்கான கணக்கை ஹாகுட், வான் ஃப்ளோட்டோ இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் தெளிவாகப் போட்டுக் காட்டினார்கள். 1990களில் பனிச்சறுக்குப் பலகையிலும், 2000க்குப் பிறகு ஹெட் நிறுவனத்தின் டென்னிஸ் ராக்கெட்டுகளிலும் பீசோ விற்பனைக்கே வந்தது. ராக்கெட்டின் கழுத்தில் பீசோ இழைகள், கைப்பிடிக்குள் ஒரு சின்னச் சுற்று.

எந்த ரெசிஸ்டர் என்பதில்தான் சூட்சுமம். மிகச் சிறியதாகப் போட்டால் மின்சாரம் தடையில்லாமல் ஓடும், சூடாகக் கழிய ஒன்றும் இருக்காது. மிகப் பெரியதாகப் போட்டால் ஓடவே ஓடாது. பட்டையின் கொள்ளளவத்தையும் (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் திறன்) நாம் அடக்க நினைக்கும் அதிர்வெண்ணையும் வைத்து நடுவிலே ஓர் அளவு வரும். எங்கள் பட்டையின் கொள்ளளவம் ஏறத்தாழ 20 நானோஃபாரட். உள்ளங்கைத் தோலுக்கு அடியில் இருக்கும் அதிர்வு உணரிகளுக்கு 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரைதான் கூச்சம் அதிகம். அதனால் 200 ஹெர்ட்ஸைக் குறிவைத்தான். கணக்குப் போட்டால் சுமார் 40 கிலோஓம் வருகிறது, கடையில் கிடைத்தது 39. அந்த ரெசிஸ்டரின் விலை ஒரு தேநீர்க் காசுகூட இல்லை.

ரெசிஸ்டரோடு ஒரு கம்பிச் சுருளையும் சேர்த்தால் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் இன்னும் நன்றாக அடங்கும் என்கிறது கணக்கு. ஆனால் 20 நானோஃபாரட்டுக்கு 200 ஹெர்ட்ஸில் தேவைப்படும் சுருள் 30 ஹென்றிக்கு (சுருளின் அளவு அலகு) மேல். அந்த அளவுக்கு இரும்பு உள்ளகத்தோடு சுருள் சுற்றினால் மட்டையை விடச் சுருள் பாரமாகிவிடும். மின்னணுச் சுற்றால் அப்படிப்பட்ட சுருளைப் போல நடிக்க வைக்கலாம், ஆனால் அதற்குப் பற்றரி வேண்டும். கோல்ஃப் மட்டைக்குப் பற்றரியா என்று அந்த யோசனையை அங்கேயே விட்டாயிற்று.

பஸ்ஸர்களில் வரும் வட்டமான பித்தளைத் தகட்டை ஒட்டினால் போதாதா என்றும் சிலர் கேட்பார்கள். போதாது. கிரிப் பக்கத்தில் ஷாஃப்ட்டின் விட்டம் 15 மில்லிமீற்றர் அளவுதான். அந்த வளைவில் தகட்டின் மேலிருக்கும் தட்டையான பீசோ பீங்கானை அழுத்தினால் வெடித்துவிடும். அதனால்தான் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் உருவான, பீங்கானை மெல்லிய இழைகளாக அரிந்து பிளாஸ்டிக்குக்குள் பதித்த வளையும் பட்டை. பணம் போனது முழுக்க இதற்குத்தான்.

சரி, ஆடும்போது எப்படி இருக்கிறது?

பந்து மட்டை முகத்தின் நடுவில் பட்டால் வித்தியாசமே இல்லை. அந்த அடியில் நடுக்கம் குறைவாகத்தான் இருக்கும், பீசோவுக்கு அங்கே வேலை கிடையாது. வித்தியாசம் தெரிவது கெட்ட அடியில்தான். அயனின் கீழ் விளிம்பு பந்தின் இடுப்பில் வெட்டியதுபோல் பட்டால், 6 அயனில் விரல்களுக்குள் ஒரு "விர்ர்" ஓடி மணிக்கட்டு வரை கூசும். பட்டை ஒட்டிய 7 அயனில் அதே மாதிரி அடிக்கு "டக்" என்று ஒரு தட்டு, அப்புறம் ஒன்றுமில்லை. வால் வெட்டப்பட்ட மாதிரி. மருமகன் முன்பே கிரிப்புக்குப் பக்கத்தில் அதிர்வை அளக்கும் ஒரு சிறிய முடுக்கமானியை ஒட்டி மடிக்கணினியில் வரைந்து காட்டியிருந்தான். முதல் முகடு இரண்டு மட்டையிலும் ஒரே உயரம், பின்னால் வரும் அலைகள் மட்டும் பீசோவில் சீக்கிரம் அடங்கின. கைக்குத் தெரிந்ததும் திரையில் தெரிந்ததும் ஒன்றுதான்.

அதிலும் எவ்வளவு பீசோவின் வேலை, எவ்வளவு காதின் வேலை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கோல்ஃபில் கைக்குத் தெரிவதாக நாம் நினைப்பதில் பாதி காதுக்குக் கேட்பதுதான். சீனன்குடாவில் விமானப்படையின் பயிற்சிக் கல்லூரியும் இருக்கிறது, தலைக்கு மேல் பயிற்சி விமானம் சுற்றும் நாட்கள் உண்டு. அந்த இரைச்சலுக்குள் அடித்தால் 6 அயனின் கூச்சம்கூடப் பாதியாகத் தெரிகிறது. காதில் பஞ்சு வைத்தும் ஆடிப் பார்த்தேன், அதே கதை. அப்போதும் 7 அயன் கொஞ்சம் அமைதிதான், ஆனால் இடைவெளி சிறுத்துவிடுகிறது. இன்னொன்று, கிரிப்பைப் பிடித்திருக்கும் கைகளே பெரிய அதிர்வடக்கிகள். மட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால் பீசோவின் பலன் பிரமாதமாகத் தெரியும். கையில் பிடித்தால் அந்தப் பிரமாதம் பாதி கரைந்துவிடும். காணொளிகளில் மட்டையைத் தொங்கவிட்டுத் தட்டிக் காட்டுபவர்களை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள்.

பந்து கூடுதல் தூரம் போகிறதா என்பது அடுத்த கேள்வி. போகாது. பந்து மட்டை முகத்தில் தங்குவது அரை மில்லிசெக்கன் அளவு. நடுக்கம் ஷாஃப்ட் வழியே ஏறிக் கைக்கு வந்து சேரும்போது பந்து புறப்பட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகு எதை அடக்கினாலும் பந்துக்குத் தெரியப் போவதில்லை.

இனி முழங்கை. எனக்கு இடது முழங்கையின் வெளிப்பக்கத்தில் நோவு வந்துபோகும். வைகாசி, ஆனியில் கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் புல்லுக்கு அடியில் தரை காய்ந்து கல்லாகிவிடும். அந்தத் தரையில் பந்துக்கு முன்னே மண்ணைக் கொத்தினால் வரும் அடி நடுக்கம் அல்ல, நேரடியான மோதல். மட்டை சட்டென்று நிற்கிறது, முன்னங்கைத் தசைநார் இழுபடுகிறது. பீசோ அதில் ஒன்றும் செய்யவில்லை. 7 அயனாலும் நொந்தது, 8 அயனாலும் நொந்தது. மார்கழி மழைக்குப் பிறகு தரை இளகியபோதுதான் நோவும் குறைந்தது. தொலைபேசியில் சொன்னபோது மருமகன் சிரித்தான்: "மாமா, நான் அடக்கித் தாறன் எண்டது நடுக்கத்தை. தரையை இல்லை."

கைக்கு உண்மையில் உதவியவை வேறு. கொஞ்சம் தடித்த, மெத்தென்ற கிரிப் மாற்றினேன். இறுக்கிப் பிடிக்கும் பழக்கத்தைத் தளர்த்தினேன். கச்சான் காலத்தில் பயிற்சிப் பந்துகளைத் தரையில் வைக்காமல் சின்ன டீயில் (பந்தைத் தாங்கும் குச்சி) வைத்து அடிக்கிறேன். கிராஃபைட் ஷாஃப்ட்டும் நல்ல வழி. அதன் பிசின் உருக்கைவிட அதிர்வை நன்றாக விழுங்கும், எடையும் குறைவு. உருக்குத்தான் வேண்டும் என்பவர்களுக்கு ட்ரூ டெம்பரின் சென்சிகோர் போல, குழாய்க்குள்ளே பாலிமர் செருகிய ஷாஃப்ட்டுகள் வந்தன. பீசோ பட்டை இரண்டின் விலைக்கு இவற்றில் ஏதாவது ஒன்றைச் செய்து முடித்திருக்கலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நடுக்கம் குறைவது எல்லாருக்கும் பிடிக்கும் என்றும் இல்லை. என்னோடு ஆடும் ஒருவர் நன்றாக ஆடக்கூடியவர். இரண்டு அடி அடித்துவிட்டு மட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பந்து முகத்தின் நுனியில் பட்டதா, குதியில் பட்டதா என்பதை அவர் அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாராம், இதில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதாம். நியாயமான குறை. எனக்குப் பந்து போகும் திசையே போதுமான தகவல், அதனால் பொருட்படுத்தவில்லை.

எவ்வளவு காலம் தாங்குகிறது என்று கேட்டால், பீங்கான் இழைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொல்லையெல்லாம் பசையிலும் கம்பியிலும்தான். கடற்காற்றில் ஈயப்பற்று பச்சை பூத்து ஒரு பக்க இணைப்பு விட்டுப்போனது. எல்இடி மின்னாமல் போனதால்தான் அது தெரியவே வந்தது, இல்லாவிட்டால் செத்த பட்டையோடு ஆடிக்கொண்டிருந்திருப்பேன். பின்னர் எல்இடியைக் கழற்றி, பற்றை மறுபடி வைத்து, மேலே சிலிக்கோன் பூசி மூடினேன். அதன்பிறகு பிரச்சினை இல்லை. வெயிலும் கவனிக்க வேண்டியது. பீசோ பீங்கான் 200 பாகைக்குக் கிட்டவும் அசராது, ஆனால் அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபொக்சி பசை 60 பாகையைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். திருகோணமலை வெயிலில் பூட்டிய காரின் பின்பெட்டிக்குள் அந்தச் சூடு வரும். பசை இளகினால் ஷாஃப்ட்டின் வளைவு பட்டைக்குப் போய்ச் சேராது. பையை நான் காருக்குள் விட்டு வைப்பதில்லை.

போட்டிக்கு இதை எடுத்துப் போக முடியுமா என்று பார்த்தேன். மட்டையில் வெளியே எதையும் ஒட்டி வைக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. செயல்திறனைப் பாதிக்காதவற்றுக்கு விலக்குக் கிடைக்கலாம், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது நானல்ல. அதனால் நண்பர்களோடு ஆடும்போது மட்டும்.

யாராவது செய்து பார்க்க விரும்பினால் 4, 5 போன்ற நீண்ட அயனில் செய்யுங்கள். நடுவில் படாத அடிகள் அவற்றில்தான் அதிகம், பலன் தெரிய வாய்ப்பும் அதிகம். கிட்டத்து அடிக்கான குட்டை வெட்ஜிலும், குழிக்குள் உருட்டும் புட்டரிலும் செலவழிப்பது வீண். அப்புறம், பட்டையை வெட்டவோ உரசவோ வேண்டாம், உடைந்தால் வெறுங்கையால் எடுக்கவும் வேண்டாம். இந்த வகைப் பீங்கானின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். பிள்ளைகள் கைபடும் இடத்தில் துண்டுகளைப் போட்டுவிடாதீர்கள்.