ஜவுளிக் கடை கல்லாவில் லைவ்வயர் 3

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு பில்லிங் எழுதிக் கொடுத்தேன். பிஎச்பி மொழியில் வலைச் செயலி எழுத உதவும் லாராவெல், அதன் மேல் பக்கத்தை பிஎச்பியிலேயே இயங்க வைக்கும் லைவ்வயர் 3. பிஎச்பியில் ஒரு ஃபங்ஷன் எழுதி, பொத்தானில் 'வயர் கிளிக்' போட்டால் முடிந்தது. ஜாவாஸ்கிரிப்ட் பக்கமே போக வேண்டாம். தனி ஆளாக வேலை பார்ப்பவனுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் கல்லா விஷயம் வேறு. பில் யாரும் போடலாம், கேன்சல் முதலாளி மட்டும்தான். ஒப்படைப்பதற்கு முன், கேன்சல் பொத்தானை மற்றவர்களுக்கு மறைத்துவைத்து, கவுன்ட்டர் பையன் லாகினில் நுழைந்தேன். பொத்தான் இல்லை. சரி என்று பிரவுசர் கன்சோலை (கட்டளைகளை நேரடியாக டைப் செய்யும் இடம்) திறந்து, ஃபங்ஷன் பெயரையும் ஒரு பில் எண்ணையும் கொடுத்துக் கூப்பிட்டேன். பில் கேன்சல்! இதை பக் என்று சொல்ல முடியாது. கம்போனென்ட்டில் (பக்கத்தின் ஒரு பகுதிக்கான பிஎச்பி கோடு) 'பப்ளிக்' என்று இருக்கும் எந்த ஃபங்ஷனையும் பிரவுசரிலிருந்து கூப்பிடலாம் என்று லைவ்வயர் டாக்குமென்டேஷனிலேயே இருக்கிறது. (யார் படிக்கிறார்கள்?)

அதனால் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே, உரிமை இருக்கிறதா என்று பார்க்கும் 'ஆத்தரைஸ்' போட்டேன். இப்போது பையன் கூப்பிட்டால் 403, அதாவது 'அனுமதி இல்லை' என்று வருகிறது. ஸ்டாக்கைத் திருப்பி ஏற்றும் உள்வேலைகளை, பிரவுசரிலிருந்து கூப்பிட முடியாதபடி 'புரொடெக்டட்' ஆக்கினேன். பில் எண்ணுக்கு 'லாக்டு' போட்டால் வெளியிலிருந்து மாற்ற முடியாது, அருமையான வசதி. ஆடித் தள்ளுபடிக் கட்டத்துக்கு அது உதவாது. அதில் பையன் டைப் செய்தாக வேண்டுமே. தள்ளுபடி உச்சவரம்பைத் தாண்டுகிறதா என்று, பில்லைச் சேமிக்கும்போது சர்வரில்தான் பார்க்கணும்.

எனக்குப் பிடிக்காதது மிடில்வேர் சமாச்சாரம். மிடில்வேர் என்றால், கோரிக்கை உள்ளே போகும் முன் வாசலில் நின்று சோதிக்கும் கோடு. பக்கம் திறக்கும்போது அந்தப் பக்கத்தின் ரூட்டில் (முகவரி வழி) உள்ள எல்லா மிடில்வேரும் ஓடும். அதன் பிறகு வரும் கிளிக் எல்லாம் லைவ்வயரின் சொந்த முகவரிக்குப் போகிறது. அங்கே லாராவெலின் 'ஆத்' (லாகின் சோதனை), 'கேன்' (உரிமை சோதனை) மாதிரி சிலவற்றை மட்டும் தானாக மறுபடி ஓட்டுகிறது. நாமே எழுதிய மிடில்வேரை 'ஆட் பெர்சிஸ்டென்ட் மிடில்வேர்' என்று தனியாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால், பக்கம் திறந்திருக்கும்போதே முதலாளி ஒருவருடைய உரிமையை எடுத்தாலும், அந்த மிடில்வேரை மட்டும் நம்பியிருக்கும் பொத்தான்கள் அவருக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு, வேண்டாததை நம்மை விலக்கச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த கடைக்கும் இதைத்தான் போடுவேன். அந்தப் பதிவு வரியை முதல் நாளே எழுதிவிட்டு.