பெல்லா, கோஷென்–ஸ்பெக்கரா? குவாண்டம் தரும் இரண்டு மறுப்புகள்

குவாண்டம் இயற்பியல் நம் பழைய உலகப் பார்வையை எங்கே உடைக்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் ஜான் பெல் 1964-ல் நிறுவிய தேற்றத்தைத்தான் சொல்வார்கள். சைமன் கோஷெனும் எர்ன்ஸ்ட் ஸ்பெக்கரும் 1967-ல் நிறுவிய தேற்றத்துக்கு அந்தப் புகழ் வாய்க்கவில்லை. முன்னது இடம்சாராமை பற்றியது: தொலைவில் இருப்பவற்றின் விடைகளை அங்கங்கே உள்ளவற்றைக் கொண்டு மட்டும் விளக்க முடியாமை. பின்னது சூழல்சார்பு பற்றியது: ஒரு விடை, கூடவே வேறு எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்திருப்பது. இரண்டும் மோதுவது ஒரே நம்பிக்கையோடு: அளப்பதற்கு முன்பே துகளிடம் விடை தயாராக இருக்கிறது, கருவி அதைப் படித்துச் சொல்கிறது, அவ்வளவே. இந்த நம்பிக்கையோடு எந்தத் துணை நிபந்தனையைச் சேர்க்கிறோம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

பெல்லின் நிபந்தனை எளிது. பின்னிப்பிணைந்த, அதாவது தனித்தனியே விவரிக்க முடியாதபடி ஒரே குவாண்டம் நிலையைப் பகிரும், இரு துகள்கள் வெகுதூரம் விலகி நிற்கின்றன. இங்கே நான் எதை அளக்கத் தேர்ந்தெடுக்கிறேன் என்பது அங்கே கிடைக்கும் விடையைத் தொடக் கூடாது. 1969-ல் கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் நால்வரும் எழுதிய வடிவத்தில், இரு பக்கத்து விடைகளும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் காட்டும் ஓர் எண், இந்த நிபந்தனைக்கு உட்பட்ட எந்தக் கோட்பாட்டிலும் 2 என்ற வரம்பைத் தாண்டாது. குவாண்டம் ஏறத்தாழ 2.83 வரை போகும். 2015-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில், 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரு வைரங்களுக்குள் எலக்ட்ரான்களின் சுழற்சியை (spin எனப்படும் குவாண்டம் பண்பை) அளந்தபோது 2.42 கிடைத்தது.

சூழல்சார்புக்குத் தூரமே வேண்டாம். ஓர் அளவீட்டை, அதோடு ஒத்துப்போகும் (அதாவது ஒன்றையொன்று குலைக்காமல் சேர்ந்து செய்யக்கூடிய) எந்த அளவீடுகளுடன் சேர்த்துச் செய்தாலும் விடை ஒன்றாகவே இருக்கும் என்பது இங்கே நிபந்தனை. கோஷெனும் ஸ்பெக்கரும் முப்பரிமாணத்தில் சுழற்சியை அளக்கும் 117 திசைகளை அடுக்கி இதை முறித்தார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது 1990-ல் மெர்மினும் பெரஸும் தந்த சதுரம். மூன்றுக்கு மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் இரு சுழற்சிகளின் மீது செய்யும் ஓர் அளவீடு. விடை +1 அல்லது −1. குவாண்டம் விதிப்படி ஒவ்வொரு வரிசையின் பெருக்கமும் +1. முதல் இரு நெடுவரிசைகளின் பெருக்கமும் +1. மூன்றாவது மட்டும் −1. இப்போது ஒன்பது கட்டங்களிலும் விடைகளை முன்கூட்டியே எழுதிவைக்கப் பாருங்கள். வரிசை வழியே பெருக்கினால் மொத்தம் +1, நெடுவரிசை வழியே பெருக்கினால் −1. அதே ஒன்பது எண்கள்! புள்ளிவிவரம் வேண்டாம், தனித்த குவாண்டம் நிலை எதுவும் வேண்டாம். குவாண்டம் நூல்களில் இவ்வளவு குறைந்த கணக்கில் இவ்வளவு தூரம் போகும் இடம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், வலிமை எதற்கு அதிகம்? இங்கே பெல்லே சாட்சி. 1966-ல் வெளிவந்த தன் கட்டுரையில் சூழல்சார்பு முடிவை அவரும் எட்டினார், எட்டிய கையோடு அதைக் கேள்விக்கும் உள்ளாக்கினார்: விடை முழு அளவீட்டு அமைப்பையும் பொறுத்து மாறினால் அதில் என்ன தவறு? துகளுக்கு எப்போதும் திட்டமான இடம் உண்டு என்னும் டேவிட் போமின் 1952-ஆம் ஆண்டுக் கோட்பாட்டில் அப்படித்தான் மாறுகிறது. அமைப்பு அருகிலேயே இருக்கும்வரை இதில் யாரும் பதற வேண்டியதில்லை. தூரத்தில் இருக்கும் அமைப்பும் பாதிக்கும் என்றால்தான், எந்தத் தாக்கமும் ஒளியை விட வேகமாகப் போகாது என்னும் சார்பியல் குறுக்கே வரும். பெல்லின் நிபந்தனைக்குப் பின்னால் ஒளிவேகம் நிற்கிறது. கோஷென்–ஸ்பெக்கர் நிபந்தனைக்கு அப்படியொரு காவல் கிடையாது.

ஆய்வகத்திலும் பெல்லின் கைதான் ஓங்குகிறது. திசைகளை முழுத் துல்லியத்தோடு அமைக்க முடியாது என்பதைப் பிடித்துக்கொண்டு, 1999-ல் டேவிட் மேயர் கோஷென்–ஸ்பெக்கர் வாதத்தை அசைத்துப் பார்த்தார். ஒரே அமைப்பில் அளவீடுகளை அடுத்தடுத்துச் செய்யும்போது, முதலாவது இரண்டாவதைக் குலைக்கவில்லை என்று எப்படி உறுதி சொல்வது என்ற கேள்வியும் உண்டு. பெல் சோதனைக்குக் கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரிய வேண்டாம். ரகசியக் குறியீட்டுத் துறை அதை நம்பி எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

ஆனாலும் ஐயவாதியை மடக்கும் வாதமும், நடப்பதைப் புரிய வைக்கும் வாதமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2011-ல் அப்ராம்ஸ்கியும் பிராண்டன்பர்கரும் இரண்டையும் ஒரே கணிதச் சட்டகத்தில் வைத்தார்கள். தனித்தனிச் சூழல்களில் கிடைக்கும் விடைகளை ஒரே முழுப் பட்டியலாகத் தைக்க முடியாது என்பதே பொதுவான செய்தி, அதில் இடம்சாராமை ஒரு தனிவகை. ஒரே அறைக்குள் இயங்கும் குவாண்டம் கணினியின் வலிமையைத் தேடும்போது, தொலைவு பற்றிய பேச்சு பெரிதாக உதவுவதில்லை. அந்த வலிமைக்குச் சூழல்சார்பு இன்றியமையாதது என்று, ஒரு முக்கியமான கணிப்பு முறையை வைத்து 2014-ல் மார்க் ஹோவர்டும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். ஆழம் எதில் என்று கேட்டால் நான் கோஷென்–ஸ்பெக்கர் பக்கம்தான்.

மெர்மின் சதுரத்தையே இருவர் ஆடும் விளையாட்டாக்கலாம். ஒருவரிடம் ஒரு வரிசை, தொலைவில் இருக்கும் மற்றவரிடம் ஒரு நெடுவரிசை. இருவரும் தத்தம் பெருக்கல் விதிப்படி நிரப்ப வேண்டும், சந்திக்கும் கட்டத்தில் ஒரே எண் வர வேண்டும். முன்கூட்டி என்ன பேசி வைத்தாலும் ஒன்பது கேள்விகளில் எட்டுக்கு மேல் தேறாது. பின்னிய துகள் இணைகள் இரண்டைப் பகிர்ந்துகொண்டால், கொள்கையளவில் ஒன்பதிலும் வெற்றி. ஓர் அமைப்புக்குள் சூழல்சார்பாக இருந்த அதே சதுரம், இரண்டு இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்ததும் பெல் கேட்ட காவலோடு இடம்சாராமையாக நிற்கிறது.