8 ஆண்டுகள், 14 அழைப்புகள்: காரைக்குடிப் பக்கம் ஒரு ரிக்கவரி வண்டியோடு என் அனுபவம்

ஆத்தங்குடித் தரைக்கல், பழைய தேக்குத் தூண், நிலைக்கதவு ஆகியவற்றைக் காரைக்குடியிலிருந்து வெளியூர்களுக்கு ஏற்றி அனுப்புவது என் தொழில். 6 சக்கர லாரி ஒன்று, சிறிய சரக்கு வண்டிகள் 2, வீட்டுக்கு ஒரு கார் என 4 வண்டிகள் என் பொறுப்பில் ஓடுகின்றன. 2017ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இவற்றில் எது வழியில் நின்றாலும் நான் ஒரே ஆளைத்தான் அழைத்து வருகிறேன். டைரிக் குறிப்புப்படி இதுவரை 14 முறை அழைத்திருக்கிறேன். அவரிடம் இருப்பவை 2 வண்டிகள்: காரை முழுவதுமாக மேலே ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட் ஒன்று, லாரியின் முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கும் கிரேன் வண்டி ஒன்று. பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் இந்தப் பகிர்வு முழுவதும் அவர் 'ரிக்கவரிக்காரர்' என்றே வருவார்.

அவரிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் வேறொருவர் செய்த சேதம். 2016இல் திருப்பத்தூர்ச் சாலையில் என் கார் நின்றபோது, சாலையோரப் பலகையில் இருந்த ஒரு எண்ணை அழைத்தேன். வந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில் சங்கிலியைச் சுற்றி, கம்பிவடத்தைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சைப் போட்டு இழுத்தார். கார் பட்டறைக்கு வந்துசேர்ந்தது. லோயர் ஆர்ம் வளைந்து வந்தது. நின்றதற்குக் காரணமான பழுதைச் சரிசெய்ய ஆன செலவைவிட, இழுத்ததால் வந்த பழுதைச் சரிசெய்ய ஆன செலவு அதிகம்.

இப்போதைய ரிக்கவரிக்காரரின் வேலை தொலைபேசியிலேயே தொடங்கிவிடுகிறது. "அண்ணே, வண்டி நின்னு போச்சு" என்று என் டிரைவர் சொன்னதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ரோட்டுல நிக்கிதா, கரையில நிக்கிதா?" என்பதே. எந்த ஊர் என்பதுகூட அதற்குப் பிறகுதான். கண்மாய்க் கரை மேல் போகும் குறுகிய சாலைகள் நிறைந்த எங்கள் பகுதியில், செம்மண் ஓரத்தில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கி நிற்கும் வண்டியைத் தூக்கும் முறை வேறு, தார்ச்சாலையில் நேராக நிற்கும் வண்டியைத் தூக்கும் முறை வேறு. அடுத்து, லோடு உண்டா, கியர் விழுகிறதா, லாரி என்றால் பிரேக்குக்கான ஏர் நிற்கிறதா என்று வரிசையாகக் கேட்பார். இந்த நான்கு பதில்களை வைத்தே எந்த வண்டியை எடுப்பது, அல்லது வண்டியே எடுக்காமல் பையனை பைக்கில் அனுப்பினால் போதுமா என்று முடிவு செய்துவிடுவார்.

14 முறையில் 5 முறை பைக்கிலேயே வேலை முடிந்தது. டீசல் தீர்ந்து லைனில் காற்றுப் பிடித்தது ஒரு முறை, ஸ்டெப்னி மாற்ற முடியாமல் நட்டு இறுகிக் கிடந்தது ஒரு முறை, மற்ற மூன்றும் பாட்டரி. மின்கலங்களையும் ஆராயும், 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊரில், பாட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடியைத் துடைக்க மறந்து மூன்று முறை நடுவழியில் நின்றவன் நான் என்பதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. இப்படிப்பட்ட அழைப்புகளுக்கு அவர் 300 முதல் 500 ரூபாய்க்கு மேல் வாங்கியதில்லை. கிரேனையே அனுப்பிவிட்டு முழு வாடகை கேட்டிருந்தாலும் அந்த நேரத்தில் நான் கொடுத்திருப்பேன்.

அவருடைய வேலையை நான் முழுமையாகப் பார்த்தது 2021 ஐப்பசி மழையில், திருமயம் தாண்டிக் காரைக்குடிச் சாலையில். திருச்சியில் ஒரு வீட்டுக்காரர் நிறம் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிய கல்லோடு வந்துகொண்டிருந்த லாரி, இரவு 11 மணியளவில் பின்சக்கரங்கள் இறுகிச் சாலையிலேயே நின்றுவிட்டது. பின்சக்கரப் பிரேக்கை இயக்கும் உருளையான பிரேக் சேம்பருக்குப் போகும் ஏர் ஹோஸ் வெடித்திருந்தது. லாரியில் ஏர் போனால் பிரேக் பிடிக்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கால் பிரேக்குக்கு அது சரிதான்; ஆனால் பின்சக்கரங்களின் பார்க்கிங் பிரேக்கை ஏர்தான் விடுவித்து வைத்திருக்கிறது என்பதால், ஏர் இறங்கியதும் சேம்பருக்குள் இருக்கும் வலுவான ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். அந்த நிலையில் இழுத்தால் டயர் உருளாமல் தேய்ந்துகொண்டே வரும்.

ரிக்கவரிக்காரர் வந்தவுடன் லாரியின் அருகே போகவில்லை. என் கிளீனர் எச்சரிக்கைக்காக ஒடித்துப் போட்டிருந்த வேப்பங்கிளை இன்னும் தள்ளி இருக்க வேண்டும் என்று எடுத்துப்போய்ப் போட்டுவிட்டு, தன் பங்குக்கு 3 கோன்களை வைத்தார். பிறகு பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார். அதன் பின்னரே சாக்கை விரித்து லாரிக்கு அடியில் படுத்து, சேம்பரின் பின்முனையில் இருந்த ரப்பர் மூடியைக் கழற்றி, அதன் பக்கவாட்டிலேயே செருகி வைக்கப்பட்டிருந்த நீள போல்ட்டை எடுத்து உள்ளே விட்டு ஒரு கால் சுற்றுத் திருப்பிப் பூட்டி, நட்டை ஸ்பேனரால் முறுக்கினார். முறுக்க முறுக்க உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சுருங்குகிறது. அதைக் காதால்தான் கேட்க முடிகிறது. இரண்டு பக்கமும் முடிந்து பின்சக்கரங்கள் விடுபட அரை மணி நேரம் ஆனது. சேம்பரைப் பிரிக்க மட்டும் யாரையும் விடக் கூடாது, அந்த ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும் என்று என் டிரைவரைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார்.

இவ்வளவு செய்தவர் அன்றிரவு லாரியைக் காரைக்குடிக்கு இழுத்து வர மறுத்துவிட்டார். முன் ஆக்சிலைத் தூக்கினால் தளம் பின்னோக்கிச் சாயும்; நெட்டுக்குத்தாக அடுக்கி இடையில் வைக்கோல் கொடுத்திருந்த கல், 20 கிலோமீட்டர் தூரம் குலுங்கினால் பாதி நொறுங்கிவிடும் என்றார். சாலையை விட்டு ஒரு பொட்டலுக்கு லாரியை மெதுவாக ஒதுக்கி வைத்துவிட்டுப் போனவர், காலையில் கல்லை வேறு வண்டிக்கு மாற்றிய பிறகு வந்தார். இரண்டு நடைக்கும் சேர்த்துக் கூலி கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. இரண்டாவது நடையில் புறப்படுவதற்கு முன், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் சுழல்தண்டான ஜாயிண்ட்டைக் கழற்றி, அதன் முனையில் இருக்கும் கிராஸ் கப்புகள் என்ற சிறு மூடிகள் உதிராதபடி பழைய டியூப் வாரால் சுற்றிக் கட்டினார். எஞ்சின் ஓடாமல் பின்சக்கரம் மட்டும் சுழன்றால் கியர்பாக்ஸுக்குள் ஆயில் மேலே ஏறாது, பேரிங் வெந்துவிடும் என்பது அதற்கான விளக்கம். கல்லில் 11 மட்டுமே உடைந்திருந்தன. அவையும் திருச்சியிலேயே உடைந்தவை என்று பிறகு தெரிந்தது. ஒதுக்கி வைத்த இரவு முழுவதும் கிளீனரை லாரியிலேயே இருக்கச் சொன்னதும் அவர்தான். 10 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் பொது இடத்தில் கிடக்கும் வண்டியை அகற்றக் காவல்துறை உத்தரவிடலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு சொல்வது எனக்கு அதுவரை தெரியாது.

காரைப் பொறுத்தவரை ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன். கானாடுகாத்தானில் ஒரு திருமணத்துக்குச் சென்னையிலிருந்து வந்த என் சித்தப்பா மகனின் ஆட்டோமேட்டிக் கார், வீட்டின் பின்வாசல் தெருவில் துருத்திக்கொண்டிருந்த கருங்கல்லில் ஏறி, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப் உடைந்து நின்றது. கயிறு கட்டிக் காரைக்குடி வரை இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று அவனுடைய டிரைவர் சொன்னார். கயிறோ சங்கிலியோ போட்டு இழுப்பதற்கு 2017ஆம் ஆண்டின் ஓட்டுதல் விதிமுறைகள் இடைவெளி 5 மீட்டர், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அது ஒருபுறம் இருக்க, எஞ்சின் ஓடாத காரில் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும், பிரேக் பெடலும் இரண்டு மிதிக்குப் பிறகு இறுகிப்போய் வண்டி சரியாக நிற்காது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் கெடும். ரிக்கவரிக்காரர் ஃபிளாட்பெட்டைக் கொண்டுவந்து, ஸ்டெப்னிக்கு அடியில் கிடந்த கொக்கியை எடுத்து முன்பம்பரின் மூடிக்குள் திருகினார். அது இடப்பக்கமாகத் திருக வேண்டிய மரை என்பதால், வலப்பக்கம் திருகிக்கொண்டிருந்த டிரைவரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டார். பம்பர் தரையில் உரசாமல் இருக்க இரண்டு பலகைகளைப் போட்டு ஏற்றி, கட்டும் பெல்ட்டை டயர்களின் மேல்தான் போட்டார். 2016இல் வளைந்த என் லோயர் ஆர்ம் நினைவுக்கு வந்தது.

அந்தக் காருக்குச் சாலையோர உதவியோடு சேர்ந்த காப்பீடு இருந்தது. அந்த எண்ணைத்தான் முதலில் அழைத்தோம். ஒன்றரை மணி நேரத்தில் வண்டி வரும் என்று குறுஞ்செய்தி வந்தது, மூன்று மணி நேரம் வரை வேறொன்றும் வரவில்லை. கடைசியில் அவர்கள் உள்ளூரில் யாரை அழைத்தார்கள் என்று விசாரித்தால், இதே ரிக்கவரிக்காரரைத்தான். அவர்கள் தரும் தொகை குறைவு, அதுவும் வந்துசேர இரண்டு மாதம் ஆகும் என்பதால், நேரடியாகக் கூப்பிடுபவர்களை முடித்துவிட்டுத்தான் அந்த அழைப்புகளுக்குப் போவேன் என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். சாதாரண முழுக் காப்பீட்டில் விபத்துக்குப் பிறகு வண்டியை எடுத்துச் செல்ல காருக்கு 1,500 ரூபாயும் லாரிக்கு 2,500 ரூபாயும் வரை கிடைக்கும். பழுதாகி நின்றால் அது பொருந்தாது. தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம். ஒரு முறை நான் அழைத்தபோது ரோந்து வண்டி விரைவாகவே வந்து, லாரியைப் போக்குவரத்துக்கு இடையூறில்லாத இடத்துக்கு ஒதுக்கியது. பட்டறை வரை கொண்டுபோவது நம் பாடு.

ரிக்கவரிக்காரரிடம் குறைகளும் உண்டு. தை மாதத்தில் அவரை நம்ப முடியாது: பழனிப் பாதயாத்திரைக் கூட்டம் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி வரை சாலையை நிறைத்துக்கொண்டு போகும் நாட்களிலும், சிராவயல் மஞ்சுவிரட்டு அன்றும் தொலைபேசியை எடுக்கவே மாட்டார். போக முடியாது என்பதை எடுத்துச் சொன்னால் நாமும் வேறு வழி பார்ப்போம். முறையான பில் கேட்டால் பழைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதித் தருகிறார். என் கணக்கர் ஒவ்வொரு முறையும் முகம் சுளிக்கிறார். லோடோடு கவிழ்ந்த 10 சக்கர லாரியைத் தூக்கும் பெரிய கிரேன் அவரிடம் இல்லை. அதற்குத் திருச்சிக்கோ மதுரைக்கோதான் சொல்லியனுப்ப வேண்டும். காத்திருப்புக்கூலியை முன்கூட்டியே சொல்லாமல் கடைசியில் சேர்ப்பதை நான் இரண்டு முறை சண்டை போட்டுத்தான் நிறுத்தினேன்.

ஆனால் இந்த 8 ஆண்டுகளில் அவர் இழுத்து வந்த என் வண்டி எதிலும் இழுத்ததால் வந்த பழுது என்று ஒன்றுமில்லை. கிளம்பும்போது சக்கரத்துக்கு அடியில் வைத்த கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போகும் பழக்கம் நம் டிரைவர்களுக்கு உண்டு. இரவில் பைக்கில் வருபவர்கள் அதில் மோதிச் சாகிறார்கள். இவர் வண்டியில் ஏறுவதற்கு முன் திரும்பி நடந்துபோய், தான் வைக்காத கற்களையும் காலால் ஓரம் தள்ளிவிட்டு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த ஆண்டு சிறிய சரக்கு வண்டிகளில் ஒன்றை விற்றுவிட்டு மின்சார வண்டி வாங்கினேன். செய்தி கேள்விப்பட்டு, யாரும் அழைக்காமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை என் இடத்துக்கு வந்தவர், சாக்கை விரித்து அதன் அடியில் படுத்துக்கொண்டார். "இதுல கழட்ட ஜாயிண்ட்டே காணோமே தம்பி, கொக்கியை எதுல மாட்டச் சொல்லிருக்கான்?" என்று உள்ளிருந்து கேட்டார். வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்து, இழுத்துச் செல்வது பற்றிய பக்கத்தைக் காட்டினேன். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.