குழந்தைத் தடுப்பூசிக்கு இன்சூரன்ஸா, ஆரம்ப சுகாதார நிலையமா? நாங்கள் தேர்ந்தெடுத்ததும் அதற்கான கணக்கும்

கல்யாணமான புதிதில் மருத்துவக் காப்பீடு எடுக்கப் போனால் ஏஜென்ட் தவறாமல் சொல்லும் ஒரு வரி உண்டு: "பிரசவச் செலவோட குழந்தையோட தடுப்பூசிச் செலவும் இதிலேயே வந்துடும் சார்." எங்களிடமும் சொன்னார்கள். என் மனைவிக்கும் எனக்கும் அந்த வரி பிடித்திருந்தது. ஆனால் பாலிசி வாசகங்களையும் தடுப்பூசி அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு வேறு வழிக்குப் போனோம். மகளுக்கு மூன்று வயதாகிவிட்டது. இதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, பிரசவமும் பிறந்த குழந்தையின் தடுப்பூசியும் சேர்ந்த, பிரீமியம் கூடுதலான பாலிசி. இரண்டு, சாதாரண பாலிசியோடு ஓ.பி.டி. ரைடர், அதாவது மருத்துவமனையில் சேராமல் டாக்டரைப் பார்க்கும் செலவுக்கான கூடுதல் இணைப்பு. மூன்று, சாதாரண பாலிசி மட்டும் எடுத்து, அரசு தரும் ஊசிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டு, அரசு தராதவற்றுக்கு நாமே மாதாமாதம் பணம் ஒதுக்கிவைப்பது. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

சாதாரண பாலிசி தடுப்பூசிக்குப் பணம் தராது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றால் பணம் தருவது அதன் அடிப்படை. ஊசி போட்டுக்கொண்டு அரை மணி நேரத்தில் வீடு திரும்புவது அதற்குள் வராது. பல பாலிசிகளில் விலக்குப் பட்டியலில் தடுப்பூசி என்று தனியாகவே எழுதியிருப்பார்கள். நாய் போன்ற விலங்குகள் கடித்த பிறகு போடும் ஊசிக்கு மட்டும் விதிவிலக்கு இருக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் மருத்துவமனைச் சிகிச்சைக்கானதுதான். அந்த அட்டையைக் காட்டித் தனியார் கிளினிக்கில் தடுப்பூசி போட முடியாது.

ஓ.பி.டி. ரைடரைக் குழந்தை விஷயத்தில் சீக்கிரமே தள்ளிவிட்டோம். வருட வரம்பு சில ஆயிரம் ரூபாய்தான். சளி, காய்ச்சல் என்று டாக்டரிடம் போகும் ஃபீஸிலேயே அது தீர்ந்துவிடும். பெரியவர்களுக்கு அதன் கணக்கு வேறு, கீழே வருகிறேன்.

போட்டி முதல் வழிக்கும் மூன்றாவது வழிக்கும் இடையில்தான். அங்கே எங்களுக்கு முடிவைத் தந்தது பணத்தின் அளவைவிட, அந்தப் பணம் எப்போது கிடைக்கும் என்பதுதான்.

பிரசவப் பாலிசிகளில் தடுப்பூசிப் பலன் பெரும்பாலும் குழந்தையின் முதல் பிறந்தநாளோடு முடிந்துவிடும். முதல் வருடத்தில் போட வேண்டிய ஊசிகள் எவை என்று பாருங்கள். பிறந்ததும் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கான ஊசி. பிறகு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட், போலியோ, வயிற்றுப்போக்குக்கான ரோட்டா. நிமோனியாவுக்கான பி.சி.வி. 6, 14 வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும். ஒன்பதாம் மாதத்திலேயே தட்டம்மை, ரூபெல்லா ஊசியும். இவை அத்தனையும் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசம். சின்னக் குழந்தைகளுக்கு 12 நோய்களுக்கு எதிராக அரசு தடுப்பூசி தருகிறது; அதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி மட்டும் அந்நோய் பரவும் மாவட்டங்களில் போடப்படுகிறது. ஐந்து நோய்களை ஒரே ஊசியில் தடுக்கும் பென்டாவேலன்ட், இந்தியாவிலேயே முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும்தான் வந்தது. தனியாரில் மிகவும் விலை கூடியவற்றில் ஒன்றான பி.சி.வி., 2021-இல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்துக்குள் வந்துவிட்டது.

முதல் வருடத்தில் அரசு தராதவை என்று எங்கள் டாக்டர் குறித்துக் கொடுத்தவை இரண்டுதான்: ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு தவணை ஃப்ளூ ஊசியும் ஒரு டைஃபாய்டு ஊசியும்.

முதல் பிறந்தநாளுக்குப் பிறகுதான் நிலைமை மாறுகிறது. ஹெபடைடிஸ் ஏ, சின்னம்மைக்கு இரண்டு தவணை, பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துத் தடுக்கும் எம்.எம்.ஆர்., ஐந்து வயது வரை வருடாவருடம் ஃப்ளூ, பெண் குழந்தைக்கு ஒன்பது வயதுக்கு மேல் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைத்தும் அரசின் வழக்கமான அட்டவணையில் நீண்டகாலம் இடம்பெறாதவை பெரும்பாலும் இந்த வயதில்தான் வருகின்றன. கையிலிருந்து பணம் போக ஆரம்பிப்பதும் இப்போதுதான். அந்த நேரத்தில் பாலிசியின் தடுப்பூசிப் பலன் முடிந்திருக்கும்.

அரசு இலவசமாகத் தரும் ஊசிகளுக்குப் பணம் தருவது, அரசு தராதவை தொடங்கும்போது நின்றுவிடுவது, இதுதான் அந்தப் பலனின் உண்மையான வடிவம். இது புரிந்த பிறகு எங்களுக்கு வேறு கணக்கு தேவைப்படவில்லை.

இன்னொரு காலக்கெடுவும் உண்டு. பிரசவப் பலனுக்குப் பல பாலிசிகளில் இரண்டு வருடம், சிலவற்றில் அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும். ஒன்பது மாதம் என்று தருபவை உண்டு, பிரீமியம் கூடும். காத்திருக்கும் வருடங்களிலும் கூடுதல் பிரீமியம் போய்க்கொண்டே இருக்கும். தடுப்பூசி என்பது எந்த வாரம், எந்த ஊசி, என்ன விலை என்று முன்கூட்டியே தெரிந்த செலவு. அப்படிப்பட்ட செலவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஐயாயிரம் தருகிறது என்றால் அந்த ஐயாயிரத்தையும் அதற்கு மேலும் பிரீமியமாக நம்மிடம் வாங்கித்தான் தர முடியும்.

முதல் வருட ஊசிகள் எல்லாவற்றையும் தனியாரில் போட்டால், நாங்கள் விசாரித்த விலையில், முப்பதாயிரத்தை ஒட்டி வந்தது. ஆறு நோய்களுக்குச் சேர்த்துப் போடும் 'வலியில்லா' ஊசி மட்டும் ஒரு தவணை நான்காயிரம் ரூபாய் அளவில். பி.சி.வி.யும் ஏறத்தாழ அதே அளவு. ஒவ்வொரு முறையும் டாக்டர் ஃபீஸ் தனி. பாலிசியின் வரம்பு இதில் ஒரு பகுதியைத்தான் தாங்கும்.

இனி ஆரம்ப சுகாதார நிலையம். படித்து நல்ல வேலையில் இருக்கும் பலர் "அங்கே போடுற ஊசி தரமா இருக்குமா?" என்று தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தயக்கம் தேவையில்லாதது என்று உறுதியாகச் சொல்வேன். எங்கள் பகுதி நர்ஸ், குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை என்னிடமே காட்டினார். லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சின்னச் சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கும்வரை மருந்து நல்லது. சூடு பட்டால் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட வேண்டும். சூடு படாமல் மருந்து வந்ததா என்பதைப் படிக்காதவர்கூடக் கண்ணால் பார்த்துச் சொல்லலாம். தனியாரில் போட்ட ஃப்ளூ ஊசியின் பெட்டியில் இந்தக் குறி இருக்கவில்லை; அங்கே கிளினிக்கின் ஃபிரிட்ஜை நம்பித்தான் ஆக வேண்டும்.

காய்ச்சல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசு தரும் பென்டாவேலன்ட்டில் இருப்பது முழுச்செல் வகைக் கக்குவான் மருந்து, அதாவது கொல்லப்பட்ட கிருமி முழுதாக இருப்பது. குழந்தைக்கு ஒரு நாள் காய்ச்சல் வரும், தொடை வீங்கும், இரவில் அழும். எங்கள் மகளும் அழுதாள். நர்ஸ் கொடுத்த பாராசிட்டமால் சொட்டு மருந்தோடு மறுநாள் சரியாகிவிட்டது. தனியாரின் 'வலியில்லா' ஊசியில் கிருமியின் சில பகுதிகள் மட்டும் உள்ள செல்லற்ற வகை இருக்கிறது. இந்தத் தொந்தரவுகள் குறைவு. ஆனால் அதன் பாதுகாப்பு சீக்கிரம் மங்குகிறது என்பது மேலை நாடுகளின் அனுபவம். அழுகை குறைவு என்பதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது அவரவர் விருப்பம். அது உயர்ந்த மருந்து என்று நினைத்துக் கொடுக்க வேண்டாம்.

சிரமம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் துணை சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதான் ஊசி நாள். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் யாராவது ஒருவர் லீவு போட வேண்டும். வரிசை இருக்கும், உட்கார இடம் குறைவு. கர்ப்பமான உடனேயே செவிலியரிடம் பதிந்து ஆர்.சி.ஹெச். எண் (தாய்-சேய் நலப் பதிவு எண்) வாங்கிவிட்டால், பிறகு தடுப்பூசிப் பதிவுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைச்சல் குறைகிறது.

அரசு தராத ஊசிகளுக்காக, மகள் பிறந்த மாதத்திலிருந்து வங்கியில் மாதம் ஆயிரம் ரூபாய் ஆர்.டி. போட்டோம். இரண்டாவது வயதில் சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ, ஃப்ளூ எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தைத் தொட்டது. அதை அந்தப் பணமே தாங்கியது. சின்னம்மை வந்த குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது அபூர்வம். இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வோம். அந்தச் செலவும் லீவும் எந்த பாலிசியிலும் திரும்பி வராது. ஊசிக்குக் கொடுக்கும் காசு அதைத் தடுக்கிறது. ஹெச்.பி.வி.க்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன. 2023-இல் சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் என்ற இந்தியத் தயாரிப்பு வந்த பிறகு அதன் விலையும் இறங்கியிருக்கிறது. 14 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. ஊசியைப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாயைத் தமிழ்நாடு அரசு தன் 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. அந்தக் கைக்காசும் மிச்சமாகலாம்.

இவ்வளவு சொன்னாலும், பிரசவப் பாலிசியே வீண் என்று சொல்ல மாட்டேன். அதில் மதிப்புள்ள பகுதி வேறு. சாதாரண பாலிசிகள் பலவற்றில் குழந்தையை 90 நாள் கழித்துத்தான் சேர்க்க முடியும். குறைமாதத்தில் பிறந்து, பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யூ.வில் இருக்க நேர்ந்தால் வரும் பில், தடுப்பூசிச் செலவைப்போல முன்கூட்டியே தெரிகிற ஒன்றல்ல. பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்குப் பாதுகாப்பு தரும் பாலிசியை அந்த ஒரு காரணத்துக்காக எடுக்கலாம். வேலை பார்க்கும் இடத்தில் ஊழியர்களுக்கு எடுத்துத் தரும் குரூப் பாலிசியில் காத்திருப்பு இல்லாமல் இது கிடைப்பவர்கள் தயங்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள், தடுப்பூசி வரம்பையும் சேர்த்தே.

பெரியவர்கள் விஷயத்தில் என் சாய்வு இவ்வளவு உறுதியானதல்ல. அரசுத் திட்டம் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மையமாக வைத்தது; அறுபது தாண்டியவர்களுக்கு அதில் வழக்கமான ஊசி இல்லை. டாக்டர்கள் சொல்வது வருடாந்திர ஃப்ளூ, நிமோனியா ஊசி, அப்புறம் அக்கிக்கான ஊசி. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அக்கி ஊசி ஷிங்ரிக்ஸ் 2023-இல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டு தவணை, ஒவ்வொன்றும் பத்தாயிரத்துக்கு மேல். அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் என்று மாதாமாதம் பரிசோதனையும் மாத்திரையும் எப்படியும் இருக்கிறது என்றால் ஓ.பி.டி. ரைடர் கட்டுப்படியாகலாம். ஆனால் அந்த வரம்பை மாத்திரைகளே தின்றுவிடும், ஊசிக்கு மிச்சம் இருக்குமா என்று பார்க்க வேண்டும். இதில் என் அனுபவம் அப்பாவின் ஒரே ஒரு பாலிசியோடு நிற்கிறது. அதில் ஓ.பி.டி. என்றால் ஆலோசனை, பரிசோதனை, மருந்து என்று மட்டும் இருந்தது. தடுப்பூசி 'மருந்தில்' சேருமா என்று கேட்டதற்கு ஒருவர் சேரும் என்றார், இன்னொருவர் சேராது என்றார். கடைசியில் ஃப்ளூ ஊசிக்குக் கைக்காசுதான்.

நாய்க்கடி மட்டும் வேறு. முதல் வேலை, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. பிறகு நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி அங்கே இலவசம். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி என்றால், உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினும் தேவை என்பதால் பெரிய அரசு மருத்துவமனைக்கே போய்விடுவது நல்லது. இன்சூரன்ஸ் பேப்பரைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம் அல்ல அது.

கிளெய்ம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. என் தம்பி வீட்டில் பிரசவப் பாலிசி எடுத்திருந்தார்கள். குழந்தையின் ஊசிக்குக் கிளினிக்கில் கொடுத்த பில்லில் "இன்ஜெக்‌ஷன்" என்று மட்டும் எழுதியிருந்ததால் கிளெய்ம் திரும்பி வந்துவிட்டது. ஊசியின் பெயர், பேட்ச் எண், டாக்டரின் சீட்டு, தடுப்பூசி அட்டையின் நகல் எல்லாம் வேண்டும் என்றார்கள். ஊசி போடும் அன்றே இவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் கிளினிக்கில் தேடித் தர மாட்டார்கள்.

பாலிசி எடுப்பதாக முடிவு செய்துவிட்டால், தடுப்பூசிக்கு எவ்வளவு, எந்த வயது வரை, எத்தனை மாதக் காத்திருப்புக்குப் பிறகு என்ற மூன்றையும் கம்பெனியிடமிருந்தே மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது போதாது. பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிறு பிடித்தங்கள் போக மீதிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். விலக்குகள் எழுதியிருக்கும் பக்கங்களை அந்த முப்பது நாளுக்குள் உட்கார்ந்து படித்துவிடுங்கள்.