அனுபவசாலியா, புதியவரா? டாட்ஜர்ஸ் எடுத்த இரண்டு முடிவுகள்

பேஸ்பால் அணிக்கு ரேடியோ வர்ணனையாளர் தேடும்போது, கைதேர்ந்தவரை எடுப்பதா, இளைஞரை வளர்ப்பதா என்ற கேள்வி வரும். புரூக்ளின் டாட்ஜர்ஸ் இரண்டையும் செய்து பார்த்த அணி.

1948இல் அணியின் வர்ணனையாளர் ரெட் பார்பர் நோய்வாய்ப்பட்டார். உடனே ஆள் தேவை. கீழ்நிலை லீக்கில் ஆடிய அட்லாண்டா கிராக்கர்ஸிடமிருந்து எர்னி ஹார்வெல்லை வாங்கினார்கள். பதிலுக்குக் கிளிஃப் டாப்பர் என்ற கேட்ச்சரைக் கொடுத்தார்கள். ஒரு குரலுக்கு ஓர் ஆட்டக்காரர்! அனுபவசாலி வந்த நாளிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார். ஆனால் அவரை மற்ற அணிகளும் கேட்கும். 1950 சீசனில் ஹார்வெல் நியூயார்க் ஜெயன்ட்ஸில் இருந்தார்.

அப்புறம் வந்தவர் வின் ஸ்கல்லி, வயது 22. ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் படித்தவர். முந்தைய ஆண்டு பாஸ்டனின் ஃபென்வே பார்க் கூரையில், மேல்கோட்டுகூட இல்லாமல் குளிரில் நின்றபடி ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை வர்ணித்து பார்பரின் மனதில் இடம் பிடித்திருந்தார். பார்பர் கண்டிப்பான ஆசான். கேட்பவருக்கு ஸ்கோர் தெரியாமல் போகக்கூடாது என்று, மூன்று நிமிட மணற்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிக்கடி ஸ்கோர் சொன்னவர். அவரிடம் தொழில் படித்த ஸ்கல்லி, 2016 வரை 67 சீசன்கள் டாட்ஜர்ஸிலேயே இருந்தார்.

சரி, யாரை எடுக்கலாம்? சொல்லிக்கொடுக்க ஒரு பார்பர் இருந்தால் நான் தயங்காமல் இளைஞரைத்தான் எடுப்பேன். அப்படி யாரும் இல்லையென்றால், சின்ன ஊர் லீக்குகளில் தினமும் மைக் பிடித்துப் பழகியவரே நல்லது. ஏனென்றால் பெரிய லீக்கில் ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். அதில் பாதி வெளியூரில்.