டேட்டாபேஸுக்கு நாலு ஸ்டார், பில்லிங் பிரிவுக்கு ஒன்று

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். டேட்டா முழுக்க ஒரு வெளிநாட்டு நிறுவனம் தன் கிளவுடில் வாடகைக்கு நடத்தித் தரும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் இருக்கிறது. பெயர் வேண்டாம்.

டேட்டாபேஸில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தினமும் தானாக பேக்கப் எடுக்கும். கடந்த ஒரு வாரத்தில் எந்த நிமிடத்துக்கு வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். வம்பெல்லாம் பணம் கட்டுகிற இடத்தில்தான். 15,000 ரூபாய்க்கு மேல் கார்டில் மாதாமாதம் தானாக எடுக்க, ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். 2022 ஜூன் வரை இந்த வரம்பு 5,000. எங்கள் பில் 15,000-ஐத் தாண்டிய மாதம், இவர்கள் ஓடிபி கேட்காமலேயே கார்டைத் தட்டிப் பார்த்தார்கள், வங்கி மறுத்தது, சந்தேகத்துக்குரிய கணக்கு என்று பூட்டிவிட்டார்கள். அதுவும் ஒன்பதாம் தேதி. மாத விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவம் போடக் கடைசி நாள் பதினொன்று. எத்தனை போன் வந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேக்கப் அத்தனையும் அதே கணக்குக்குள். புகார் கொடுக்க லாகின் செய்யச் சொல்கிறது. செய்தால், கணக்கு முடக்கப்பட்டுள்ளது என்கிறது. கடைசியில் புது வாடிக்கையாளர்களுக்கான விற்பனை சாட்டில் நுழைந்து ஒருவரைப் பிடித்தோம். அந்தப் பெண் உடனே புரிந்துகொண்டு தொழில்நுட்பப் பிரிவிடம் பேசினார், அவர்களும் பேக்கப்பைத் தரத் தயார். ஆனால் சாமி வரம் கொடுத்தும் பூசாரி விடவில்லை: பில்லிங் பிரிவு, வங்கி வழியாகப் பணம் வந்து சேர்ந்த பிறகுதான் திறந்தது.

டம்ப் ஃபைல், அதாவது டேட்டாபேஸின் நகல், கைக்கு வந்ததும் அதை ஏற்றும் பிஜி-ரெஸ்டோரை ஆபீஸ் மெஷினில் ஓட்டினால், ரோல் (டேட்டாபேஸில் அனுமதிகளைத் தாங்கும் பெயர்) இல்லை என்று வரிசையாக எரர். நகல் எடுக்கும் கருவியான பிஜி-டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும்தான் எடுக்கும். யூசர்களும் ரோல்களும் அதில் வராது. அவற்றை பிஜி-டம்ப்ஆல் என்ற இன்னொரு கருவி கொண்டு தனியாக எடுக்க வேண்டும். இவர்களுடைய உதவிப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பழைய உரிமையாளர் பெயர்களை விட்டுவிடும் நோ-ஓனர் ஆப்ஷன் போட்டதும் டேபிள்கள் மளமளவென்று ஏறின. ஒரு இன்வாய்ஸ்கூட விடுபடவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கூகுள் கிளவுட் சந்தா தவறுதலாக அழிந்தபோது, வேறு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்பும் கைகொடுத்தது. நாங்களும் இப்போது ராத்திரிதோறும் ஒரு டம்பை இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்புகிறோம். கார்டு வேறு, மெயில் வேறு.

சேவையை மாற்றவில்லை. முன்பணமாகக் கட்டிவைக்க வழி செய்தால் பில்லிங்குக்கும் இன்னொரு ஸ்டார் போடுவேன்.